மாதிரிப் பையில் பூனை வாடை

கிறிஸ்துமஸ் வரைக்கும் கெடு. போன வாரம் சுந்தர்ராஜ் தன் மகள் ஜெபராணிக்கு வைத்தது. "அதுக்குள்ள நீயா கம்பத்துக்கு உம் புருசன் வீட்டுக்குப் போயிரு. இல்லேன்னா நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்" என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னவர், சொல்லி முடித்ததும் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். மகளுடைய வாழ்க்கையை முடிவு செய்த கையும் ரசம் பிசைந்த கையும் ஒரே கைதான். 

கெடு முடிய இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. அந்த மூன்று வாரத்தையும் ஒரே நாளில் தின்று தீர்த்தது சிம்சோன்.

சிம்சோன் ஒரு கடுவன் பூனை. சாம்பல் நிறம், ஒரு காதில் கிழிசல். கம்பத்தில் அரிசி ஆலை நடத்தும் வைகுண்டராஜ், எதிர்த்துப் பேசிவிட்டாள் என்பதற்காகப் பெண்டாட்டி ஜெபராணியை ஆலையின் உமிக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினானே, ஒரு பகலும் ஓர் இரவும், அப்போது உள்ளே அவளுக்குத் துணையாக இருந்தது இந்தக் குட்டி ஒன்றுதான். கதவு திறந்த அன்றைக்கே ஒரு ட்ரங்குப் பெட்டியும் இந்தப் பூனையுமாகப் பஸ் ஏறினாள். போடியில் அப்பா வீட்டில் வந்து இறங்கி ஆறு மாதமாகிறது.

ஆறு மாதத்தில் பூனை வளர்ந்தது. சேட்டையும் வளர்ந்தது.

பக்கத்து வீட்டு குருசாமி ஏலக்காய் வியாபாரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கிணறு. சிம்சோன் அவர்கள் வீட்டுப் பால் சட்டியை உருட்டியது. கொடியில் கிடந்த கருவாட்டை இழுத்துப் போனது. கல்யாண வீட்டுக்குப் போக எடுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியில் சேற்றுக் காலோடு படுத்துத் தூங்கியது. ஒவ்வொரு தடவையும் குருசாமி சத்தம் போடுவார். அவர் மனைவி சண்முகத்தாய், "விடுங்க, வாயில்லாச் சீவன்" என்பாள். அதோடு முடியும்.

இந்த வியாழக்கிழமை முடியவில்லை.

கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் பலகாரம் சாப்பிட வீட்டுக்கு வருவது மளிகைக்கடை சுந்தர்ராஜின் வழக்கம். இரண்டாவது தோசை தட்டில் விழும்போது வாசலில் குரல் கேட்டது.

"சுந்தர்ராசு! ஏ சுந்தர்ராசு! வெளிய வா!"

குருசாமிதான். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு சிறிய துணிப் பை. சுந்தர்ராஜ் எழுந்து வருவதற்குள் அந்தப் பையை முன்கூடத்தில் வீசினார். பை வாய் அவிழ்ந்து, பச்சைப் பசேலென்று ஏலக்காய் தரையெல்லாம் ஓடியது.

"மோந்து பாரு!"

"என்ன அண்ணாச்சி, உக்காருங்க..."

"மோந்து பாருங்கிறேன்ல!"

சுந்தர்ராஜ் குனிந்து நாலு காயை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோன வேகத்தில் கை கீழே இறங்கியது. அது என்ன வாடை என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இதத்தான் இன்னைக்கு ஏலத்துக்குக் கொண்டுபோனேன்" என்றார் குருசாமி. "மாதிரிக் காயி கைக்குக் கை போகுது. மொத ஆளு வாங்குனான், மூக்கச் சுளிச்சான், பேசாம அடுத்த ஆளுகிட்டத் தள்ளிட்டான். அவனும் தள்ளிட்டான். மூணாவது ஞானசிகாமணி. அந்தப் பய எந்திரிச்சு நின்னு, 'அண்ணாச்சி, இது மலையில வெளைஞ்ச காயா, பூனை போட்ட காயா?'ங்கிறான். கூடமே சிரிக்குது சுந்தர்ராசு! முப்பது வருசம்! குருசாமி சரக்குன்னா மோந்து பாக்காம எடுப்பாக. இன்னைக்கு மோந்து பாத்துட்டுச் சிரிச்சாக!"

ஏலக்காய்க்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். அதனால் மூட்டை அடுக்கிய அறைப் பக்கம் மண்ணெண்ணெய் டின்னைக்கூட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட வியாபாரத்தில் முப்பது வருஷம் இருந்த குருசாமிக்கு மூக்கு கிடையாது என்பதுதான் வேடிக்கை. பொடி போட்டுப் போட்டு அது எப்போதோ செத்துப்போனது. நிறத்தைக் கண்ணால் பார்ப்பார், திரட்சியை விரலால் உருட்டிப் பார்ப்பார், வாசனைக்கு மட்டும் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிடுவார். இது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த அவமானம் வந்திருக்காது.

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அந்தப் பூனை இந்தத் தெருவுல இருக்கக் கூடாது. நீ அனுப்பலேன்னா நான் அனுப்புவேன். எப்படி அனுப்புவேன்னு என்னையக் கேக்கக் கூடாது" என்றார் குருசாமி.

அடுப்படியிலிருந்து ஜெபராணி வெளியே வந்தாள். கையில் தோசைக்கரண்டி அப்படியே இருந்தது.

"மாமா, காயி வச்ச அறை எப்பவும் பூட்டித்தானே கெடக்கும்? பூனை எப்படி உள்ள போச்சு?"

நியாயமான கேள்வி. ஆனால் கோபத்தில் இருக்கிறவனிடம் நியாயமான கேள்வி கேட்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுகிற மாதிரி.

"பாத்தியா சுந்தர்ராசு? பேச்சப் பாத்தியா? பூனை தப்பு இல்லியாம். எம் பூட்டு தப்பாம்!"

"நீ உள்ள போ" என்றார் சுந்தர்ராஜ் மகளிடம்.

"நான் கேட்டதுக்கு..."

"உள்ள போன்னேன்."

சுந்தர்ராஜுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அடுத்த வார்த்தையை அவர் இன்னும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பூனைய மட்டும் இல்ல. அதக் கொண்டுவந்தவளையும் சேத்து இன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்."

குருசாமியின் வாய் திறந்தபடி நின்றது.

"நான்... நான் பூனையத்தான் சொன்னேன் தம்பி."

"நான் ரெண்டையும்தான் சொல்றேன்."

அந்த இடத்தில் குருசாமியின் கோபம் பாதியாகக் குறைந்துபோனது. ஆளை அடிக்கக் கையை ஓங்கினவன், அந்தக் கையை இன்னொருவன் பிடித்து வேறு ஆள்மேல் இறக்கினால் எப்படி விழிப்பான்? அப்படி விழித்தார். பையைக்கூட எடுக்காமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சுந்தர்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். "தபாலாபீசுல போயி கம்பத்துக்கு ட்ரங்க் கால் போடணும். பூனையப் பிடிச்சுக் கட்டி வைக்கட்டும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவோரம் நின்றிருந்த சுகிர்தம், ஜெபராணியின் அம்மா, குனிந்து, தரையில் சிதறிய ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

ஜெபராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா ஆறு மாதமாக ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்கிறார். அது நாலு காலோடு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். கரண்டியை எறிந்துவிட்டுப் பூனையைத் தேடிப் போனாள். கட்டி வைப்பதற்கல்ல. வேறு யார் கையிலும் அது அகப்படுவதற்கு முன்னால் தன் மடியில் வைத்துக்கொள்வதற்கு.

கூரைமேல் இல்லை. விறகு அடுக்கின் பின்னால் இல்லை. கிணற்றடியைத் தாண்டிக் குருசாமி வீட்டுப் பின்கட்டுக்கு வந்தபோது, அங்கே இருந்தது.

உச்சிவெயில் நேரம். ஏலக்காய் அறையின் பின்கதவு முன்னால் சிம்சோன் உட்கார்ந்திருந்தது. திருட வந்த பூனை மாதிரி இல்லை, பந்திக்கு வந்த விருந்தாளி மாதிரி. கதவை ஒரு தடவை நகத்தால் பிறாண்டியது. பிறகு பக்கத்தில் நின்ற சண்முகத்தாயின் காலை உரசிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"போ சிஞ்சோனு, இன்னைக்கு வேணாம், போ" என்று சண்முகத்தாய் கிசுகிசுத்தாள். காலால் தள்ளினாள். தள்ளின காலையே பூனை மறுபடி உரசியது.

"அத்தே."

சண்முகத்தாய் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"தெனமும் இந்த நேரத்துக்கு இங்கன வருமோ?" என்று கேட்டாள் ஜெபராணி.

"இல்ல ராணி... இப்பத்தான் எங்கிட்டிருந்தோ..."

"பேரு சொல்லிக் கூப்பிடுறீக."

சண்முகத்தாய் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு உடைந்துபோனாள்.

"எலி ஆத்தா. மூட்டையெல்லாம் கடிச்சு வைக்குது. பொறி வச்சுப் பாத்தேன், விழல. காயிக்குப் பக்கத்துல பாசாணம் வைக்க முடியுமா? ஒரு சாக்குல ஓட்டை விழுந்தாலும் அவுக என்னையத்தான் வைவாக. உம் பூனை நல்லா எலி பிடிக்குதேன்னு ஐப்பசியில இருந்து அவுக கடைக்குப் போனப்புறம் உள்ள விடுவேன். ஒரு மீன் துண்டு போடுவேன். சாயந்திரம் வெளிய விட்டுருவேன்."

"அப்புறம்?"

"செவ்வாக்கெழம வீரபாண்டிக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனேன்ல, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஓடுனேன். பூனை உள்ள இருக்கிறது ஞாபகமே இல்ல. கதவப் பூட்டிட்டேன். ராத்திரி பழனிசெட்டிபட்டியில அக்கா வீட்ல தங்கிட்டு, மறுநா மத்தியானம் வந்துதான் தொறந்தேன்."

"பூட்டிட்டு மறந்துட்டீக. நான் ஊர் சுத்தப் போயிருக்குன்னுல்ல நெனச்சேன்."

"மறந்துட்டேன் ஆத்தா."

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும்."

ஜெபராணியின் குரல் மாறியதைச் சண்முகத்தாய் கவனித்தாள். காரணமும் அவளுக்குத் தெரியும். உமிக் கொட்டகைக் கதை தெரியாதவர் அந்தத் தெருவில் யார்?

"அடைச்சு வச்சா அது எங்கன போகும் அத்தே? உங்க மூட்டையிலதான் போகும். மனுசியையே அடைச்சு வச்சா மூலையிலதான் போகணும். பூனைய அடைச்சா?"

"மேலாக இருந்த காயெல்லாம் வாரித் தூரப் போட்டேன். அடியில எறங்கியிருக்கும்னு எனக்குத் தெரியுமா? அவுக அந்த மூட்டையிலயே மாதிரி எடுப்பாகன்னு தெரியுமா?"

"சரி. இப்ப மாமாகிட்ட வந்து சொல்லுங்க."

"ஐயோ! இன்னைக்கு அவுக இருக்கிற இருப்புலயா?"

"எங்கப்பா ட்ரங்க் கால் போடப் போயிருக்காக. சாயந்திரத்துக்குள்ள என்னைய வண்டியில ஏத்திருவாக. உங்க ஒரு வார்த்தையில அது நிக்கும்."

"நின்னுருமா?" சண்முகத்தாய் சட்டென்று நிமிர்ந்தாள். மாட்டிக்கொண்டவர்களுக்குச் சில சமயம் உண்மை வசதியாக வாயில் வரும். "இந்தப் பூனை இல்லேன்னா உங்கப்பா வேற ஒண்ணச் சொல்லுவாக. எம்மேல பழி போட்டு உனக்கு என்ன வரப்போகுது? பூனைமேல போனா அதுக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிக்குது அத்தே."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை இடுப்பில் சாவியாகச் செருகிக்கொண்டு நின்ற அந்த அம்மாளைப் பார்த்து எனக்கே ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவள் அழுதாள். ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கொஞ்சம் பொறு ராணி. அவுக கோவம் எறங்கட்டும். உங்கப்பா வந்ததும் ஒரு கொரல் குடு. நானே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிருதேன். கௌமாரியாத்தா மேல சத்தியம்."

ஜெபராணி நம்பினாள். பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதத்தில் முதல்தடவையாக அவளுக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுப்படியில் சுகிர்தம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எலி, மீன் துண்டு, வீரபாண்டி, பூட்டு, ஒன்று விடாமல்.

சுகிர்தம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"என்னம்மா, நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது."

அதில் ஆச்சரியம் இல்லை என்பது ஜெபராணிக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கெணத்தடியில நிக்கும்போது கூப்பிடுவா. 'சிஞ்சோனு, வா வா'ம்பா. செவ்வாக்கெழம அது உள்ள கெடந்து கத்துனதும் கேட்டுச்சு. என்கிட்டச் சாவி இல்ல. குருசாமி அண்ணாச்சியும் வெளியூர்ச் சந்தைக்குப் போயி மறுநாத்தான் வந்தாக."

"காலையில மாமா கத்தும்போது நீ கதவோரமாத்தான் நின்ன."

"நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

சுகிர்தம் கத்தியைக் கீழே வைத்தாள். மகள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீ இங்கனயே இருந்துருப்ப."

ஜெபராணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூனையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அப்பா விரட்டுகிறார், சரி. பக்கத்து வீட்டுக்காரி பயப்படுகிறாள், சரி. இது யார்?

"நீயுமா?"

"உங்கப்பா என்கூடப் பேசி ஆறு மாசமாச்சு ராணி" என்றாள் சுகிர்தம். "நீ வந்து எறங்குன அன்னைக்கு, 'பொண்ண வளத்த லட்சணம்'னாக. அதுதான் கடைசி வார்த்தை. சோறு போடுறேன், தட்டப் பாத்துச் சாப்பிடுறாக. உப்பு வேணும்னா சொவத்தப் பாத்து உப்புங்கிறாக. ஞாயித்துக்கெழம கோயில்ல எம் பக்கத்துல நின்னுதான் பாட்டுப் பாடுறாக. வெளிய வந்ததும் முன்னால நடந்து போயிருதாக. இருவத்தெட்டு வருசம் வாழ்ந்த மனுசன். காச்சல்ல கெடந்தேனே, அப்பக்கூட என்னன்னு கேக்கல. நீ போயிட்டாப் பேசுவாகன்னு நெனச்சேன். அது தப்புன்னா தப்புதான்."

"என்னைய உமிக்குள்ள போட்டுப் பூட்டுனாம்மா."

"தெரியும்."

இந்த இரண்டாவது 'தெரியும்' முதலாவதைவிடக் கொடுமையாக இருந்தது. ஜெபராணி கத்தவில்லை. கத்துவதற்கு எதிரில் ஒரு எதிரி வேண்டும். அங்கே இருந்தது வெங்காயக் காரத்திலா துக்கத்திலா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். அம்மாமேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், பூனையோடு நடுவீட்டில் போய் உட்கார்ந்தாள். பெட்டியை எடுக்கவில்லை. ஒரு சேலையைக்கூட மடிக்கவில்லை.

நாலு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது.

வழியில் கடைவாசலில் ஏறிக்கொண்ட சுந்தர்ராஜ் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் வைகுண்டராஜ். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மரியாதையாக உள்ளே வந்தான். இந்த மாதிரி ஆட்களுக்கு மாமனார் வீட்டில் மரியாதை குறையவே குறையாது.

"என்ன ராணி, நல்லாருக்கியா?" என்றான். "பூனை பெருசாயிருச்சே. அதையும் கூட்டிட்டு வா. ஆலையில எலி சாஸ்தி."

ஜீப் சத்தம் கேட்டுக் குருசாமியும் வாசலில் வந்து நின்றார். காலையில் இருந்த வீறாப்பு இப்போது இல்லை. உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுந்தர்ராஜ் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சுகிர்தம், மாப்பிள்ளைக்குக் காப்பி போடு."

பேர் சொல்லிக் கூப்பிட்டார். சுவரைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

சுகிர்தத்தின் முகத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு வந்த வெளிச்சத்தை ஜெபராணி பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். "இந்தா, போடுதேன்" என்று அம்மா ஓட்டமும் நடையுமாக அடுப்படிக்குள் போனாள். ஐம்பது வயதில் அப்படி ஓடினாள்.

ஜெபராணி எழுந்தாள். பின்வாசலுக்குப் போய்க் கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அத்தே! சண்முகத்தாய் அத்தே! அப்பா வந்துட்டாக!"

கிணற்றடி வரைக்கும் போனாள்.

"அத்தே!"

குருசாமி வீட்டுப் பின்கதவு அரை அடி திறந்திருந்தது. அது மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

ஜெபராணி அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கெளம்பலாமா?" என்றான் வைகுண்டராஜ்.

"நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க. நான் வரல" என்றாள்.

"ஏய்!" என்றார் சுந்தர்ராஜ்.

"கோவப்படாதீகப்பா. காலையில ஊரக் கூட்டி வச்சுத்தான என்னைய அனுப்புறேன்னு சொன்னீக? இப்பவும் ஆளு இருக்கு. குருசாமி மாமா, உள்ள வாங்க. அந்தப் பூனை உங்க அறைக்குள்ள எப்படிப் போச்சுன்னு இந்த வீட்ல ஒரு ஆளுக்குத் தெரியும். நான் சொன்னா நம்ப மாட்டீக. அவுக சொன்னா நம்புவீக."

காப்பியோடு சுகிர்தம் அடுப்படி நிலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம் இன்னும் அணையவில்லை.

ஜெபராணி அவள் எதிரில் போய் நின்றாள்.

"அம்மா, அப்பாதான் உன்கூடப் பேசிட்டாகளே. இனி நீ பேசு. உனக்குத் தெரிஞ்சத எல்லார் முன்னாடியும் சொல்லு."

சுகிர்தம் புருஷனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். காப்பித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றாள்.